திட்டு வாங்கத் தெரிந்தவர்

அவரை நிலையத்தில் எல்லோரும் போன்காரர் என்றுதான் சொல்வோம். டிரைவர் முதல் எதிர்த்த டீக்கடைக்காரர் வரை அதே பெயர்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எந்த ஊர் நிலையம் என்றும் கேட்க வேண்டாம். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில், பஞ்சாலைகளும் பேண்டேஜ் துணி செய்கிற பட்டறைகளும் சூழ்ந்த ஒரு தீயணைப்பு நிலையம் என்று வைத்துக்கொண்டால் போதும். எண்பதுகளின் பின்பாதியில் நான் அங்கே அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே போன் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. கிணற்றில் விழுந்த பசுமாட்டைக் கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு வழுக்கி அவருடைய வலது முழங்கால் போய்விட்டது. ஏணி ஏற முடியாது, ஓட முடியாது. மற்றவர்களுக்கு முறை வைத்து வருகிற போன் டூட்டி அவருக்கு நிரந்தரமாகிவிட்டது. வ. புதுப்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, பகல் முழுக்க மேசையில் இருப்பார். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

அந்த மேசையில் இருந்தவை ஒரு கறுப்பு டெலிபோன், ஒரு பதிவேடு, மணியடிக்கும் சுவிட்ச். பார்த்தால் சும்மா இருக்கிற வேலை மாதிரித் தெரியும். வீட்டில் தீப்பிடித்தவன் போனில் எப்படிப் பேசுவான் என்று காதால் கேட்டவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும். "எரியுதுய்யா, ஓடியாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடப் பார்ப்பான். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன எரிகிறது என்பதெல்லாம் அவனிடமிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும். அதற்கு நிமிஷக் கணக்கில் நேரம் கிடையாது. எங்களிடம் இருந்தது ஒரே வண்டி. வாசலைத் தாண்டிவிட்டால் அதோடு பேச வழியில்லை, வயர்லெஸ் எல்லாம் பிறகுதான் வந்தது. போன் மேசையில் ஒரு தப்பு நடந்தால் அந்தத் தப்பு வண்டியோடு கூடவே போகும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கத்துகிறவன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் குக்கர் வாங்கியபோது, "விசிலடிக்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்று என் மனைவி சொன்னாள். அப்படிப்பட்டவன். கத்துகிறவனுக்கு எதிராளி ஏதாவது செய்ய வேண்டும். முகம் சுருங்க வேண்டும், இல்லையென்றால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்போதுதான் இன்னும் நாலு வார்த்தை கத்த முடியும். போன்காரரிடம் அது இரண்டுமே கிடைக்கவில்லை.

தளவாய்புரம் பக்கம் ஒரு வைக்கோல் படப்பு எரிந்த சமயம். நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் ஊர், தெரு, யார் வீட்டுப் படப்பு என்று எல்லாம் கேட்டு எழுதிக் கொடுத்தார். வண்டியில் இருக்கிற தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். பக்கத்தில் கிணறு எங்கே, மோட்டார் எங்கே என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு திசையில் ஓடினோம். படப்பு தரையோடு போனது. திரும்பி வந்ததும், மேலெல்லாம் சாம்பலோடு நேரே மேசைக்குப் போனேன்.

"யோவ், தண்ணி எங்கன இருக்குன்னு கேக்கத் தெரியாதா? நாங்க என்ன வாயிலயா கொண்டுட்டுப் போறது?" என்று தொடங்கி ரொம்ப நேரம் கத்தினேன். டிரைவரும் மற்ற ஆட்களும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். கண்ணை நேருக்கு நேர் பார்க்கவும் இல்லை, தரையைப் பார்க்கவும் இல்லை. என் சட்டைப் பித்தான் அளவில் பார்வையை வைத்துக்கொண்டு முழுசும் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோதுகூட, முடிந்ததா என்று நிச்சயப்படுத்திக்கொள்கிற மாதிரி கொஞ்சம் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"தண்ணியை எப்பக் கேக்கணும்யா? மணியடிக்கிறதுக்கு முன்னாடி கேட்டா வண்டி கிளம்பப் பிந்தும். வண்டி போன பொறவு கேட்டா யார்ட்ட சொல்ல?"

 கத்திக்கொண்டு போனவனை யோசிக்க வைத்துவிட்டார். கடைசியில், "மணியை அடிச்சிரு. பசங்க ஓடியாந்து ஏறுததுக்குள்ள கேளு. ஜன்னல் வழியா சத்தம் போட்டுச் சொல்லு" என்றேன்.

"சரிங்கய்யா."

அவ்வளவுதான். 'ஆனா' என்று ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்று எனக்குத் தோன்றும். அடுத்த வாரம் சேத்தூர்ப் பக்கம் ஒரு தீ. வண்டி நகரும்போது ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. "கோயிலுக்குக் கெழக்க ரெண்டாவது கிணறு. மோட்டார் ஓடுது. ஆள் நிக்கச் சொல்லியிருக்கேன்." ஆள் நின்றான். ஆள் நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை, அது அவராகச் சேர்த்துக்கொண்டது.

அதிகாரி சொன்னால் கேட்டுக்கொள்வது பெரிய விஷயமில்லை, வேறு வழியில்லை என்று நீங்கள் சொல்லலாம். அவர் யார் சொன்னாலும் அப்படித்தான் கேட்டார். எங்கள் டிரைவருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. வாயும் சுத்தமில்லை. ஒரு நாள் அவன், "போன்காரரே, நீரு எழுதிக் குடுக்குத சீட்டைப் படிக்கிறதுக்கு ஒரு வாத்தியாரைக் கூட்டிட்டுப் போகணும்வே. கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றான். அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "எந்த எழுத்து புரியல?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து ஊர்ப் பெயர் மட்டும் பெரிய எழுத்தில், தனி வரியில் வந்தது.

இன்னொன்று. பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை ஒன்றில் சின்னத் தீ. போன் செய்தது அங்கே வேலை பார்த்த ஒரு பெண். இரண்டு நாள் கழித்து நன்றி சொல்ல வந்தவள், போகும்போது அவர் மேசையருகில் நின்றாள்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. நான் தெளிவாத்தான் பேச வந்தேன். நீங்க 'பதறாதீங்க, பதறாதீங்க'ன்னு சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அப்ப வேற என்ன சொல்லியிருந்தா நல்லாருக்கும்மா?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். "நான் எங்கன நிக்கேன்னு கேட்டிருக்கலாம். அதச் சொல்லும்போதே எனக்கு நிதானம் வந்துருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவர் போனில் 'பதறாதீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எடுத்தவுடன், "நீங்க எங்கன நிக்கீங்க?" என்பார். எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்கு என்னை அனுப்பியிருக்கிறார்கள். இதை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

இதையெல்லாம் பார்த்து நான் அவரை மெச்சினேன் என்று நினைக்க வேண்டாம். எரிச்சல்தான் பட்டேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நிற்கிறானே, இவனுக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று நினைத்திருக்கிறேன். ஒரு நாள் அதைக் கேட்டும்விட்டேன். "ஏன்யா, நான் இம்புட்டு வையிறேனே, உனக்கு உறைக்கவே உறைக்காதா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரட்டையோடயா தேங்காயத் திங்கோம்? ஒடச்சுப் போட்டுட்டுப் பருப்பை எடுத்துக்கிட வேண்டியதுதான்யா" என்றார். நான் சிரட்டையா என்று அதற்கும் ஒரு கத்து கத்தினேன்.

பதிவேட்டு விஷயத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு ஆலையின் ஆட்கள், நாங்கள் பிந்தி வந்தோம் என்று மேலே எழுதிப் போட்டார்கள். போனில் அவர்கள் என்ன சொன்னார்கள், நாங்கள் என்ன கேட்டோம் என்று பதிவேட்டில் விவரமாக இல்லை. நேரம் மட்டும் இருந்தது. மேலிடத்தில் எனக்குக் கிடைத்ததை அப்படியே அவரிடம் இறக்கினேன்.

"நீ கேட்டது, அவன் சொன்னது, ஒரு வார்த்தை விடாம எழுது. எவன் பேசினாலும் எழுது."

"அய்யா போன்ல சொல்லுததையுமாங்கய்யா?"

"என்னையத்தான்யா முதல்ல எழுதணும்."

"சரிங்கய்யா."

அவர் எழுத ஆரம்பித்தார். தினம் காலையில் பதிவேடு என் மேசைக்கு வரும். நான் படிக்காமல் கையெழுத்துப் போடுவேன். அது எனக்குப் பழக்கம்.

ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதிகளில் தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் வண்டிக்கு முறை. மேலதிகாரி நேரில் வருகிறார் என்று தகவல். சலவைக்குப் போட்ட உடுப்பை முந்தின நாளே எடுத்து வைத்திருந்தேன். அன்று விடிந்தும் விடியாமலும் இராஜபாளையத்தில் பஞ்சுப் பொதிகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்றில் தீ என்று போன். போய் அணைத்தோம். மேலே தெரிந்த தீ சீக்கிரமே அடங்கிவிட்டது.

பஞ்சுத் தீயைப் பற்றி இங்கே ஒரு விஷயம் தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். பஞ்சை இயந்திரத்தில் அழுத்தி, இரும்புப் பட்டை போட்டு, பெரிய பெரிய பொதியாகக் கட்டியிருப்பார்கள். பேல் என்பார்கள். வெளியே தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கும். உள்ளே நடுவில் ஒரு பொறி இருந்தால் அது சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருக்கும். அதனால் தீப்பட்ட பேல் ஒவ்வொன்றையும் பட்டையை அறுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று முப்பது பேலாவது இருந்திருக்கும். பிரிக்க அரை நாள் ஆகும். தேர் வடம் பிடிக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கிட்டங்கியின் ஆபீஸ் போனிலிருந்து நிலையத்தைக் கூப்பிட்டேன். போன்காரர் எடுத்தார்.

"அணைஞ்சிருச்சு. இங்கருந்து நேரா தேருக்குப் போறோம். எழுதிக்கோ."

"பேலைப் பிரிச்சுப் பாத்தாச்சாங்கய்யா?"

பக்கத்தில் டிரைவரும் கிட்டங்கிக் கணக்கரும் நின்றிருந்தார்கள். "உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நகர ஆரம்பித்து, எங்கள் வண்டியைச் சுற்றித் தலை தலையாகக் கூட்டம் நிற்கும்போது, ஒரு போலீஸ்காரர் ஓடி வந்தார். கிட்டங்கி மறுபடியும் பற்றிக்கொண்டதாகவும், எங்கள் நிலையத்திலிருந்து போன் வந்ததாகவும் சொன்னார். அந்தக் கூட்டத்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்து வெளியே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆனது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வேர்க்கிறது. போய்ச் சேர்ந்தபோது கிட்டங்கியின் பாதி இல்லை. மீதிப் பாதி இருந்ததற்குக் காரணம் போன்காரர். எங்களைத் தேடிக்கொண்டே, கிட்டங்கிக்குப் பக்கத்து மில்லுக்கும் போன் போட்டு அவர்களுடைய குழாயை இழுக்கச் சொல்லியிருந்தார். பேலை இழுத்து வெளியே போட முயன்ற ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

மறுநாள் அறிக்கை எழுதினேன். பேலைப் பிரிக்காமல் ஏன் கிளம்பினீர்கள் என்பதுதான் கேள்வி. 'தேர் பந்தோபஸ்துக்கு வண்டி உடனே தேவை என்று நிலையத்து டெலிபோன் டூட்டிக்காரர் வற்புறுத்திக் கூப்பிட்டதால்' என்று எழுதினேன். ஒரே ஒரு வாக்கியம்.  எத்தனை திட்டு வாங்கியவர், இதையும் வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவருக்குத்தான் திட்டு வாங்கத் தெரியுமே. அந்த முழங்காலோடு அந்த மேசையை விட்டால் அவருக்கு இலாகாவில் வேறு இடம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில், பயணியர் விடுதியில் நடந்தது. மேலதிகாரி என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். போன்காரர் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிரே நின்றார். என் அறிக்கையில் என்ன இருந்தது என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

மேலதிகாரி என்னைவிடப் பெரிய குரல்காரர். "வண்டியைத் திரும்பக் கூப்பிட நீ யார்? தேர் முக்கியமா, தீ முக்கியமா? ஒருத்தன் கை வெந்து கிடக்கிறான், தெரியுமா? உன்னை இன்றைக்கே சஸ்பெண்ட் பண்ணினால் என்ன?" என்று கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போன்காரர் அவருடைய பித்தான் அளவில் பார்வையை வைத்துக்கொண்டு கடைசிச் சொல் வரைக்கும் கேட்டார். அவர் 'சரிங்கய்யா' என்று சொல்வதற்காக நான் காத்திருந்தேன். அதைச் சொன்னால் எனக்கு எல்லாம் முடிந்துவிடும்.

"அய்யா சொல்லுதது சரிதான். கூப்பிட்டிருந்தா அது பெரிய தப்பு" என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் கூப்பிடலைங்கய்யா. அன்னைக்குப் பேசினது எல்லாம் இதுல இருக்கு."

மேலதிகாரி பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். 'அதிகாரி கிட்டங்கியிலிருந்து பேசினார். அணைந்தது, தேருக்குப் போகிறோம் என்றார். பேல் பிரித்துப் பார்க்கப்பட்டதா என்று கேட்டேன். உன் வேலையைப் பாரு என்றார்.' அதற்குக் கீழே, மறுநாள் தேதி போட்டு, என் கையெழுத்து இருந்தது.

"ஆனா சார்..." என்று நான் தொடங்கினேன்.

"போதும்" என்றார் மேலதிகாரி.

போன்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதை நான் இரக்கம் என்று எடுத்துக்கொள்வதா, வேறு ஏதாவது என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு ஒரு மெமோவும், ஒரு வருஷச் சம்பள உயர்வு நிறுத்தமும் கிடைத்தன. அவர் மேசையில் அவர் இருந்தார்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காருகிற ஒரே சீட்தான் காலியாக இருந்தது. அவரும் நானும் ஒட்டி உட்கார்ந்து வந்தோம். ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்.  அவர் ஏதாவது கேட்டிருந்தால் நான் கத்தித் தீர்த்திருப்பேன். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து அவருடைய மகளுக்குக் காதுகுத்து. நிலையத்தில் எல்லோருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார், எனக்கும் வைத்தார். போகாமல் இருந்தால் கேவலம் என்று வ. புதுப்பட்டிக்குப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவருடைய மனைவி செம்போடு வந்து தண்ணீர் ஊற்றினார்.

"அய்யாகிட்ட ஒண்ணு கேக்கணும். அவிய வேலையில ரொம்பத் தப்புப் பண்ணுதாவளா?"

"இல்லையேம்மா. ஏன் கேக்கீங்க?"

"நீங்க வைஞ்ச அன்னைக்கெல்லாம் வீட்டுக்கு வந்தா சோறு திங்க மாட்டாவ. செத்த நேரம் தொழுவத்துல மாட்டுப் பக்கத்துல நிப்பாவ. பொறவு ஒரு செம்பு தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருவாவ. கேட்டா வயிறு சரியில்லம்பாவ." அந்த அம்மா செம்பைச் சாய்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க வந்த நாள்லருந்து அவியளுக்கு வயிறு சரியில்ல."

குறையாகச் சொல்லவில்லை. மருத்துவரிடம் விவரம் சொல்வது மாதிரிதான் சொன்னார்.  எருமை என்று நினைத்தேனே அந்த மனிதரை.

அன்றோடு அவரைத் திட்டுவதை விட்டுவிட்டேன். திட்டுவதை மட்டுமா, சொல்வதையே விட்டுவிட்டேன். அவர் செய்தது தப்பு என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் வாயைத் திறக்கவில்லை. விசாரணையில் அப்படி நின்ற மனிதரிடம் என்ன முகத்தோடு தப்பைச் சொல்வது? இனி அவர் வீட்டில் சோறு தின்னட்டும் என்று ஒரு நல்லெண்ணம் வேறு. மற்றவர்கள் நான் மாறிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாறு மாதம் அப்படிப் போனது.

பிறகு ஒரு மத்தியானம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கூரைவீடு எரிவதாகப் போன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ரயில்வே கேட் வழியாக என்று இருந்தது. செங்கோட்டை பாசஞ்சர் வருகிற நேரம் அது. பாலத்தடி வழியாகச் சுற்றிப் போயிருந்தால் தாமதம் இல்லை. மூடின கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. எதிர்ப்பக்கம் புகை தெரிய, நாங்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டில் ஆள் யாரும் இல்லை. கட்டிப் போட்டிருந்த இரண்டு ஆடுகள் செத்துப்போயின. ஆட்டுக்காரி வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். திரும்பி வந்து, நான் மேசைப் பக்கமே பார்க்காமல் என் அறைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் அவரே அறைக்குள் வந்தார். எழுந்து வருகிறவரில்லை, போனை விட்டு நகரவே மாட்டார். மேசையில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்.

"அய்யா நேத்து ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"என்ன சொல்ல?"

"ரயில் நேரம் பாக்காம வண்டியக் கேட்டுக்கு விட்டேன். டிரைவர் வந்து சொன்னான். அய்யாவும் வண்டியில இருந்தீங்க. போன மாசமும் ஒரு சீட்டுல தெருவ மாத்தி எழுதியிருக்கேன். இப்பத்தான் பாத்தேன். அதையும் அய்யா சொல்லல."

நான் பேப்பர்களை அடுக்கினேன். "விடுய்யா. ஆறு மாசமா நான்தான் யாரையும் சொல்லுறதில்லையே."

"வீட்ல அவ ஏதாவது சொன்னாளாங்கய்யா?"

அடுக்கின பேப்பர்களையே மறுபடியும் அடுக்கினேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"நான் ஒரு நேரம் சோறு திங்கலேன்னா எனக்கு ஒண்ணும் ஆகிறாதுய்யா" என்றார். "வண்டி தப்பாப் போச்சுன்னா அங்கன ஒரு ஆள் நிக்கான்லா, அவனுக்கு ஆகும். அய்யா சொல்லாட்டா எனக்கு எப்பிடித் தெரியும்? நேத்து ஆடு. நாளைக்கு?"

அவர் கோபத்தில் பேசி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். அதுவும் கோபம் என்று வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் என் பித்தானைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆறு மாதமாக இரக்கம் என்று நினைத்துச் செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை எதிர்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு, ஊரைத் தீயில் விட்டிருக்கிறேன்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ரயில் கால அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும், சீட்டில் வழி எழுதுமுன் அதைப் பார்க்க வேண்டும், சந்தேகமிருந்தால் ரயில் நிலையத்துக்குப் போன் போட வேண்டும் என்று சொன்னேன். தெருவை மாற்றி எழுதியதையும் சொன்னேன். என் நினைவில் இருந்த இன்னும் மூன்று தப்புகளைச் சொன்னேன். குரல் ஏறாமல் ஒருவருக்குத் தப்பைச் சொல்வது எனக்கு அதுதான் முதல் தடவை. வார்த்தைகள் பழக்கமில்லாத செருப்பு மாதிரி கடித்தன. அவர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

முடிந்ததும் திரும்பினார். வாசலுக்குப் போனவரை நான் கூப்பிட்டு நிறுத்தினேன். எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன். 

"அந்தக் கிட்டங்கி அறிக்கையில நான் எழுதினது தப்புய்யா" என்றேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரவாயில்லை என்பார், விடுங்கய்யா என்பார், நம்ம பழக்கத்தில் அப்படித்தானே சொல்வோம் என்று எதிர்பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒருவருக்குத் தெருவின் பெயரைச் சரியாகச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"ஆமாய்யா. தப்புதான்."

காலை இழுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.  நான் உட்கார்ந்து, அன்றைய பதிவேட்டை இழுத்து வைத்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.